செந்தாமரையின் புதன்கிழமைகள்

செந்தாமரைக்கு இரக்கம் கிடையாது என்பது கொள்ளிடக்கரை ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த சேதி. அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை. நடவுக்கு ஆள் கட்டுகிறவளுக்கு இரக்கம் எதற்கு? முப்பது வருஷம் அந்த வேலையைச் செய்தவள் அவள். பதினெட்டுப் பெண்களைக் கிளப்பி, வரப்பில் நிறுத்தி, பொழுது சாய்வதற்குள் ஐந்து மா நிலத்தைப் பச்சையாக்கிவிட்டுத்தான் கையைக் கழுவுவாள். திருவையாற்றுக்கு வடக்கே நிலம் வைத்திருந்தவர்கள் ஆடி பிறந்தாலே அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

அவள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நடவில் முன்னால் போவது கிடையாது. குனிந்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே நட வேண்டும். ஆளுக்கு ஒரு பங்கு. எவளாவது கை தளர்ந்து பின்தங்கினால், இரண்டு பக்கத்திலும் இருக்கிறவர்கள் அவள் பங்கையும் சேர்த்து நட்டு அவளுக்குப் பின்னால் மூடிவிடுவார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கும்போது சுற்றிலும் நட்ட வயலாக இருக்கும், நடுவில் அவள் மட்டும் நிற்பாள். வெளியே வர வேண்டுமென்றால் நட்ட நாற்றை மிதித்துத்தான் வரவேண்டும். மிதித்தால் நிலத்துக்காரர் ஏசுவார். மற்றவர்கள் வரப்பில் நின்று குலவை போடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்த பேர் உள்ளே வைக்கிறது. யாரை உள்ளே வைப்பது என்று செந்தாமரை வாயால் சொல்ல வேண்டியதில்லை, கண்ணைக் காட்டினால் போதும்.

ஒரு சம்பா நடவில் ரெத்தினம் என்கிற பெண்ணை அப்படி வைத்தார்கள். கரு கலைந்து பத்து நாள்கூட ஆகாமல் வேலைக்கு வந்திருந்தாள் அவள். "இடுப்பு பிடிச்சுக்கிச்சுக்கா, செத்த நேரம் வரப்புல உக்காந்துட்டு வரேன்" என்று கேட்டாள்.

"இடுப்புன்னு ஒன்னு இருந்தா வலிக்கத்தான்டி செய்யும். எனக்கு என்ன இரும்புலயா செஞ்சிருக்கு?" என்றாள் செந்தாமரை.

உச்சிப்பொழுது வரைக்கும் ரெத்தினம் வயலுக்கு நடுவில் நின்று அழுதாள். அன்றைக்குக் குலவை கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

இப்படிப்பட்டவளுக்குத்தான், ஐம்பதாவது வயதில் ஒரு தாளடி நடவின்போது குனிந்த இடுப்பு நிமிராமல் போனது. தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார்கள். நாலு நாளில் சரியாகும் என்றார்கள். ஆறு வருஷம் ஆகியும் சரியாகவில்லை. உட்கார்ந்தால் ஒரு வலி, எழுந்தால் ஒரு வலி, தும்மினால் தனியாக ஒரு வலி. ஆள் கட்டுகிற வேலை தானாகவே ரெத்தினத்தின் கைக்குப் போனது. செந்தாமரை ஒருநாள் வரப்போரம் போய், உட்கார்ந்து நாற்று முடி எடுத்துக் கொடுக்கிற வேலையாவது தா என்று கேட்டாள். ரெத்தினம் சத்தம்போட்டுக்கூடப் பேசவில்லை. "இடுப்புன்னு ஒன்னு இருந்தா வலிக்கத்தான்க்கா செய்யும். வீட்டுக்குப் போங்க" என்றாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். பதினேழு பேரும் சிரித்தார்கள். ஆறு வருஷமாகியும் அந்தச் சிரிப்பு செந்தாமரைக்கு மறக்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. வீட்டில் நடந்ததுதான் அவளைத் தின்றது. தஞ்சாவூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள், கும்பகோணத்தில் ஸ்கேன் எடுத்தார்கள், திருச்சியில் இன்னும் பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே பதில்தான், நார்மல். வயசுக்குத் தகுந்த தேய்மானம் என்றார் திருச்சி டாக்டர், பழைய மாட்டு வண்டியைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டு. அன்றிலிருந்து அந்த வீட்டில் நார்மல் என்பது தீர்ப்பாகிவிட்டது. அவள் முனகினால் புருஷன் மருதையன் படுத்தபடியே, "அதான் நார்மல்னு எழுதிக் குடுத்துட்டான்ல" என்பான். டிராக்டர் ஷோரூமில் வேலை பார்க்கிற மகன் அன்பரசன் ஸ்கேன் கவரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் போவான். தனியார் பள்ளியில் டீச்சரான மருமகள் சுடர்விழி எதுவும் சொல்லமாட்டாள், லேசாகச் சிரிப்பாள். சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது?

வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டாள் செந்தாமரை. நோய் தீர வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை. ஸ்கேனில் தெரிய வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள். ஒரு கறுப்புப் புள்ளி, ஒரு வெடிப்பு, எதுவோ ஒன்று. அதைக் கொண்டுவந்து அந்த மூன்று பேர் முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அவளுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக ஒரு டாக்டர், மாத்திரை போதும், இனிமேல் பேச்சுத்தான் வைத்தியம் என்று சொல்லி அவளைத் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டுக்கு அனுப்பினார். பன்னிரண்டு வாரம், புதன்கிழமை தோறும் பத்து மணிக்கு வரவேண்டும். தீராத வலிக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்களாம். பேசினால் இடுப்பு நேராகுமா என்று மருதையன் கேட்டான். செலவு கிடையாது என்றதும் போய்வரச் சொன்னான்.

நடத்தியவள் நஜ்மா என்கிற பெண். முத்துப்பேட்டைக்காரி, மனநலம் படித்தவள், முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பெண். கெடுதல் நடக்கிற இடத்தில் எப்போதும் ஒரு நல்ல பெண் இருப்பாள், அது அவள் குற்றமில்லை. வட்டத்தில் எட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் வாரமே நாலு பேர் நின்றுவிட்டார்கள், மிச்சம் நாலு பேர்தான். நாகூர் பக்கீர் முகம்மது வளைகுடாவில் சாரத்திலிருந்து விழுந்தவர். அவர் முதுகுப் படத்தில் ஆறு திருகாணிகள் பளிச்சென்று தெரியும். அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள், செந்தாமரை இரண்டு தரம் பார்த்தாள். வைரக்கண்ணு நெல் மூட்டை தூக்கிக் கழுத்து போனவன். நாலாவது ஆள் நீலாம்பாள்.

நீலாம்பாள் கண்டியூரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்து ஓய்வு பெற்றவள், அறுபதைத் தாண்டிவிட்டாள். புருஷன் இல்லை. மகன் சேரன் திருவையாற்றில் செல்போன் கடை வைத்திருந்தான். அம்மாவின் வலி வேலை நேரத்தில்தான் வரும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கிற பிள்ளை. வீட்டில் மகனும் மருமகளும் காதில் வாங்காததையெல்லாம் சேர்த்துவைத்துப் புதன்கிழமை கொண்டுவந்து கொட்டுவாள் நீலாம்பாள். வலி எங்கே ஆரம்பிக்கும், எந்த வழியாக இறங்கும், எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கும் என்று, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி விவரம் விவரமாகப் பேசுவாள். ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம்.

நஜ்மா சொல்லிக்கொடுத்தது எளிமையாகத்தான் இருந்தது. "கொள்ளிடத்துல தண்ணி ஏறினா ஆட்டோவுல மைக் கட்டி, கரையோரத்துல இருக்கறவங்க மேட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டுப் போவாங்கள்ல? தண்ணி வடிஞ்சப்புறமும் அந்த ஆட்டோ தெருத் தெருவா கத்திக்கிட்டே சுத்துதுன்னு வச்சுக்குங்க. சத்தம் நிஜம். ஆனா வெள்ளம் இல்ல. உங்க வலியும் அப்படித்தான். பொய்யின்னு நான் சொல்லல. அதுக்குப் பயந்து வீட்டக் காலி பண்ண வேண்டாம்னு சொல்றேன்."

பொய்யில்லை என்று படித்த ஒரு பெண் சொன்னது செந்தாமரைக்குப் பிடித்திருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

இனிமேல் வட்டத்தில் வலி எவ்வளவு என்று சொல்ல வேண்டாம், போன வாரம் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள் என்றாள் நஜ்மா. நாலாவது புதன் செந்தாமரை எழுந்து, கொள்ளிடக்கரை வரை நடந்து போய்த் திரும்பியதைச் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்குக் கை தட்டி அவள் அதுவரை கேட்டதே இல்லை. மறுவாரம் இரண்டு தரம் நடந்தாள். அதற்கு அடுத்த வாரம் வைரக்கண்ணுவை அதட்டி நடக்கவைத்தாள். பக்கீர் முகம்மதுவிடம், "நாகூருலயே இருந்துக்கிட்டு கந்தூரிக் கூட்டத்துக்குப் பயந்து வீட்டுக்குள்ள கெடந்தா எப்படி பாய்?" என்று கேட்டு அவரை வெளியே கிளப்பினாள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? அவளுக்கு வயலும் போய்விட்டது, கூட்டமும் போய்விட்டது. இங்கே நாலு நாற்காலியில் ஒரு புதுக்கூட்டம் கிடைத்தது. அவர்களுக்கும் அதனால் நல்லதே நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். வைரக்கண்ணு மறுபடி சைக்கிள் மிதித்தான். பக்கீர் முகம்மது ஜும்மாவுக்கு நடந்து போனார். செந்தாமரையம்மாவைப் பாருங்கள் என்று நஜ்மா வாரா வாரம் சொன்னாள்.

நீலாம்பாள் மட்டும்தான் பின்தங்கினாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் என்ன வலித்தது என்று ஆரம்பிப்பாள்.

ஆறாவது புதன் வீட்டு ஆட்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். செந்தாமரைக்காகச் சுடர்விழி வந்தாள், சேரன் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். நஜ்மா அவர்களுக்கு இரண்டு விஷயம் சொன்னாள். "வலி எப்படி இருக்குன்னு ஒரு நாளைக்குப் பத்து தடவ கேக்காதீங்க. கண்டுக்காம விடறதும் ஒரு உதவிதான். ஆனா புதுசா ஏதாவது மாறினா, கால் மரத்துப்போறது, படுத்தா கூடுறது, அந்த மாதிரி இருந்தா உடனே எங்கிட்ட சொல்லுங்க." முதல் விஷயம் எல்லார் காதிலும் நன்றாக விழுந்தது. இரண்டாவது விஷயம் நாற்காலி நகர்த்துகிற சத்தத்தில் போய்விட்டது. செந்தாமரை காதில் மட்டும் அதுவும் விழுந்தது.

சுடர்விழிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அன்றைக்கே அரிசியை ஊறப்போட்டுக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தாள்.

"மாவு ஆட்டிடுங்கத்த. பக்கத்து வீட்டுக்கும் சேத்து ஊறப்போட்டிருக்கேன்."

"குனிய முடியலம்மா இன்னைக்கு."

"அத நான் காதுல வாங்கக் கூடாதுன்னு மேடமே சொல்லிட்டாங்களே" என்றாள் சுடர்விழி, அதே சிரிப்போடு.

செந்தாமரை மாவு ஆட்டினாள். மறுநாள் மாட்டுக்கொட்டகையும் அவள் பொறுப்பில் வந்தது. முன்னேற்றம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். முன்பாவது முனகினால் நார்மல் என்று பதில் வரும், இப்போது அந்தப் பதிலும் வருவதில்லை. தட்டு வைத்த சத்தம், டிவி சத்தம், அவ்வளவுதான். இது என்ன வேலை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வயலில் அவளே நடத்திய, உள்ளே வைக்கிற அந்த வித்தைதானே?

அந்த வலியை அவள் எங்கே கொண்டுபோய் இறக்குவாள்? தனக்குக் கீழே இருக்கிற தலையில்தான் இறக்குவாள். மனித சுபாவம் அப்படித்தான் இருக்கிறது. ஏழாவது புதன் கூட்டம் முடிந்து நீலாம்பாள் கழிப்பறைக்குப் போயிருந்தபோது, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் வைத்து மற்ற இரண்டு பேரிடமும் செந்தாமரை சொன்னாள்.

"இனிமே அந்த அக்கா வலின்னு ஆரம்பிச்சா யாரும் வாயத் தொறக்கக் கூடாது. மூஞ்சியப் பாக்கக் கூடாது. வேற பேச்சு பேசணும்."

"பாவமா இருக்கும்மா" என்றார் பக்கீர் முகம்மது.

"பாவம் பாத்தா அவங்க எந்திரிக்கவே மாட்டாங்க பாய். கண்டுக்காம விடறதும் உதவின்னு மேடமே சொன்னாங்கள்ல? அவங்க நல்லதுக்குத்தான்."

வைரக்கண்ணு டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினான். பக்கீர் முகம்மதுவும் கடைசியில் சரி என்றார். உள்ளதைச் சொன்னால் அவருக்கும் அந்த முக்கால் மணி நேரம் அலுத்துப்போயிருந்தது.

எட்டாவது புதன் நீலாம்பாள் ஆரம்பித்தாள். வைரக்கண்ணு ஜன்னலைப் பார்த்தான். பக்கீர் முகம்மது கைக்கடிகாரத்தைத் திருகினார். செந்தாமரை குறுக்கே புகுந்து, இந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று வைரக்கண்ணுவிடம் கேட்டாள். நீலாம்பாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதிலும் இடம் கிடைக்கவில்லை. நீங்க சொல்லுங்கம்மா என்று நஜ்மா அவள் பக்கம் திரும்பியபோது, "இல்ல மேடம், ஒன்னுமில்ல" என்று நிறுத்திக்கொண்டாள். அறை சுறுசுறுப்பாக இருந்தது. நஜ்மா நோட்டில் ஏதோ எழுதினாள், அவள் முகத்தில் திருப்தி தெரிந்தது.

திரும்பும்போது செந்தாமரையும் நீலாம்பாளும் ஒரே பஸ். கண்டியூர் வரை சேர்ந்துதான் போவார்கள். வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதும் நீலாம்பாள் பக்கத்தில் நெருங்கி, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பேசினாள்.

"செந்தாமர, உங்கிட்ட மட்டும் சொல்றேன். இது பழைய வலி இல்ல. இது வேற. படுத்தா ஏறுது, அதனால உக்காந்தேதான் இருக்கேன். ரெண்டு பாதமும் மரத்துக் கெடக்கு."

செந்தாமரை குனிந்து பார்த்தாள். நீலாம்பாளின் இடது காலில் செருப்பு இல்லை. அது எப்போதோ கழன்று சீட்டுக்கடியில் கிடந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

அந்த ஒரு நொடியில் செந்தாமரைக்குப் பயம் வந்தது. நஜ்மா சொன்ன இரண்டாவது விஷயம் நினைவில் நின்றது. சொல் ஒன்று வாய்வரை வந்தது. இறங்கு, திரும்பிப் போகலாம் என்று சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னால் அவள் நிறைய யோசித்தாள். மறந்துவிட்டேன் என்றுகூடத் தன்னிடமே சொல்லிப் பார்த்தாள். அது இல்லை. இவள் சொல்வதை நம்பி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டுமாம். எனக்கு எவள் வந்தாள்? எனக்குக் கிடைக்காத காது இவளுக்கு மட்டும் எதற்கு? அதுதான் காரணம். அவ்வளவு சின்ன காரணம்தான்.

குனிய முடியாத இடுப்போடு குனிந்து, செருப்பை எடுத்து, நீலாம்பாள் காலில் மாட்டிவிட்டாள்.

"மேடம் சொன்ன ஆட்டோவ மறந்துட்டீங்களாக்கா? வெள்ளமெல்லாம் வடிஞ்சிருச்சு. கத்துறவன் கத்தட்டும்."

"மேடத்துகிட்ட ஒரு வார்த்த சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. இத்தன வாரமும் வீணுன்னு எழுதிக்குவாங்க. ஒங்க மவன் கடையில ஒக்காந்து இன்னும் நல்லா சிரிப்பான்."

நீலாம்பாள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண்டியூர் நிறுத்தத்தில் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். கண்டக்டர் சீக்கிரம் இறங்கு ஆயா என்று சத்தம் போட்டார்.

ஒன்பதாவது புதன் நஜ்மா கேட்டாள், போன வாரம் என்ன செய்தீர்கள் நீலாம்பாள் அம்மா என்று. நீலாம்பாள் முதலில் செந்தாமரையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கேன் மேடம். நேத்து அடிபைப்புலேருந்து மூணு கொடம் தண்ணி தூக்கினேன்."

வலி என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. நஜ்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள், பக்கீர் முகம்மது எழுந்து நின்றே தட்டினார். செந்தாமரையும் தட்டினாள். இந்த வட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு பெரிய கைதட்டல் யாருக்கும் கிடைத்ததில்லை. நீலாம்பாள் சின்னப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அதுதான் அவள் வந்த கடைசிப் புதன்.

பத்தாவது வாரமும் பதினோராவது வாரமும் நாற்காலி காலியாக இருந்தது. போன் போட்டால் எடுக்கவில்லை. பன்னிரண்டாவது வாரம் கடைசி நாள் என்று செந்தாமரை சுண்டல் செய்து தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள். நஜ்மா தாமதமாக வந்தாள், கண் சிவந்திருந்தது. நீலாம்பாள் அம்மா இந்த ஆஸ்பத்திரியில்தான் மேல்மாடியில் இருக்கிறார் என்றாள். போன வாரம் அடிபைப்புக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. முதுகெலும்புக்குள் கட்டி, எங்கிருந்தோ பரவி வந்தது. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் காலையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

"மரத்துப்போகுதுன்னோ, படுக்க முடியலன்னோ உங்க யார்கிட்டயாவது சொன்னாங்களா?" என்று நஜ்மா கேட்டாள்.

வைரக்கண்ணு தரையைப் பார்த்தான். பக்கீர் முகம்மது செந்தாமரையைப் பார்த்தார்.

"எங்ககிட்ட ஒன்னும் சொல்லல மேடம்" என்றாள் செந்தாமரை. "அன்னைக்கு மூணு கொடம் தூக்கினேன்னாங்க. அவ்வளவுதான்."

"நான் தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்று நஜ்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இல்லை என்று சொல்ல அங்கே ஒருத்தி இருந்தாள். அவள் தூக்குவாளியைத் திறந்து, காகிதத் தட்டுகளில் சுண்டலைப் போட்டு, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். முதல் தட்டை நஜ்மாவிடம் நீட்டி, "சாப்பிடுங்க மேடம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள்.

எல்லாரும் போனபிறகு செந்தாமரை மாடிப்படி ஏறினாள். லிப்ட் இருந்தது, ஆனாலும் படியில்தான் ஏறினாள். தனக்கு ஏதாவது தண்டனை வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். மூன்று மாடி ஏறுவதற்குள் இடுப்பு நெருப்பாகிவிட்டது. நீலாம்பாள் தன்னைப் பார்த்ததும் கத்துவாள், காறித் துப்புவாள், மகன் அடிக்காத குறையாக வருவான் என்று எதிர்பார்த்துக்கொண்டே போனாள். துப்பினால் துடைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

நீலாம்பாள் தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது, கண் மட்டும் பிரகாசமாக இருந்தது. சேரன் கால்மாட்டில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பாதத்துக்கு ஒன்றும் தெரியாது என்று அவனுக்கும் தெரியும், ஆனாலும் தேய்த்தான். அவன் கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடு கோடாக இருந்தது.

"வா தங்கச்சி, வா" என்றாள் நீலாம்பாள். "தம்பி, எளநி வாங்கியா. இவங்களுக்கும் ஒன்னு."

சேரன் போனதும் அவள் கையை நீட்டித் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கவரை எடுத்தாள். கல்யாண ஆல்பத்தை எடுப்பது போலப் படத்தை வெளியே எடுத்தாள்.

"இந்தா, நீயே பாரு. வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. நடுவுல வெள்ளையா தெரியுது பாரு, எலந்தப்பழம் மாதிரி. அதான். பஸ்ஸுல ஒங்கிட்ட சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நீதான் நம்பல."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. தாயம் ஆடி ஜெயித்தவள் தோற்றவளிடம் பேசுகிற குரல்.

"டாக்டரு எம் மவனக் கூப்புட்டு நிக்கவச்சுக் கேட்டாரு, இவ்வளவு வலிய வச்சுக்கிட்டு ஒங்கம்மா எப்படிய்யா நடமாடினாங்கன்னு. அப்படியே என் கால்ல விழுந்துட்டான் செந்தாமர. நடிக்கிறேன்னு நெனச்சேம்மான்னு சொல்லிச் சொல்லி அழுதான். மருமவ ராவும் பகலும் போன் பண்ணி எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு கேக்குறா. ஊருல ஒருத்தர் பாக்கியில்ல, எல்லாரும் வந்துட்டாங்க."

"கால்?" என்று கேட்டாள் செந்தாமரை.

"கால் போச்சு. நானும் ரொம்ப நாளைக்கு இல்ல, எனக்குத் தெரியும். அது கெடக்கட்டும். எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சுல்ல?"

செந்தாமரை ஜன்னலோரம் போய்ப் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். எலும்பு அடுக்கு நடுவே வெள்ளையாக அது இருந்தது. யாராலும் மறுக்க முடியாத மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் அவள் மூன்று மாடி ஏறி வந்தாள். அழ வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பேர் அதற்குக் கிடையாது. காலை இழந்து, சாகப்போகிற ஒருத்தியைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டாள். மேசைமேல் கவரை வைத்துவிட்டுப் போகிற அன்பரசன், சிரிக்கிற சுடர்விழி, படுத்தபடியே பேசுகிற மருதையன், மூன்று பேரும் இப்படித் தன் கால்மாட்டில் உட்கார்ந்து அழுவதை அவள் அந்த வெள்ளைப் புள்ளிக்குள்ளேயே பார்த்தாள். படத்தைத் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை.

நீலாம்பாள் அவளையே கவனித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் என்ன ஓடியது என்று அவளுக்குப் புரியாமல் இருக்குமா? அவளும் எத்தனையோ வருஷம் அதே முகத்தோடு இருந்தவள்தானே.

"இங்க வா" என்று கூப்பிட்டாள்.

செந்தாமரை படத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் குனிந்தாள். நீலாம்பாள் ஊசி குத்தி வீங்கிய கையைத் தூக்கி அவள் உச்சந்தலையில் வைத்தாள். ஆசீர்வாதமாகவே சொன்னாள், மனசாரச் சொன்னாள்.

"கவலப்படாத தங்கச்சி. ஒனக்கும் ஒருநாள் இந்த மாதிரி படத்துல தெரியும்."

வேறு யாராக இருந்தாலும் வாயில் நல்ல வார்த்தை வராதா என்று கையைத் தட்டிவிட்டு எழுந்திருப்பார்கள். செந்தாமரை தலையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.

"இத எந்த எடத்துல எடுத்தீங்கக்கா?" என்று கேட்டாள்.